ஐநூறு என்று எழுதியிருந்த பெட்டி

என் தங்கையின் கணவரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்ததையெல்லாம் ஏதோ கவனக்குறைவு என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக்கூடும். கம்ப்யூட்டர் வேலையில் நான் கவனக்குறைவாக இருந்ததே கிடையாது. ராசிபுரத்தில் பதினேழு வருடமாக சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு திருகைக்கூட மாற்றிப் போட்டதில்லை.

தங்கையைக் கட்டிக்கொடுத்தது எருமப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு. மாப்பிள்ளைக்கு இரண்டு லாரி, ஒரு கோழிப்பண்ணை. சத்தமாகப் பேசுகிறவர். தன்னைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறவனிடம் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசுவார். எனக்குக் கல்யாணம் முறிந்து, கடையின் பின்னறையிலேயே தங்கிக்கொண்ட பிறகு, அவர் என்னிடம் பேசுவது அடுத்த தோட்டத்துக்கே கேட்கும்.

கல்யாணமான மூன்றாம் வருடத்திலிருந்து தங்கைக்கு இருமல். பண்ணைக்குள் போய் முட்டை பொறுக்கிவிட்டு வந்தால் இரண்டு மணி நேரம் மூச்சு இழுக்கும். நாமக்கல்லில் டாக்டரிடம் காட்டினோம். கோழி எச்சத்தின் நெடியும் தீவனத் தூசியும் இவளுக்கு ஆகாது, பண்ணைப் பக்கமே போகக்கூடாது என்று எழுதியே கொடுத்தார். மாப்பிள்ளை அந்தச் சீட்டை வாங்கி, படிக்கத் தெரியாதவர் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கம்மா முப்பது வருசம் உள்ள போயி வந்தாங்க. ஒரு நாள் இருமுனாங்களா? பண்ணைக்காரன் பொண்டாட்டி பண்ணைக்குள்ள போகாம, டாக்டரு வந்து முட்டை பொறுக்குவாரா?" என்றார்.

இதற்கு நடுவில் அவளாகவே ஒரு வேலையைக் கற்றுக்கொண்டிருந்தாள். கல்யாண வீடியோ எடிட்டிங். நான் கொடுத்த பழைய லேப்டாப்பில், கற்றுத்தர ஆளில்லாமல், தப்புத் தப்பாகச் செய்து பார்த்தே பழகினாள். நாமக்கல்லில் ஒரு ஸ்டூடியோக்காரர் அவள் வேலையைப் பார்த்துவிட்டு, நல்ல டெஸ்க்டாப் ஒன்று போட்டுக்கொண்டால் அந்த வருட முகூர்த்தங்கள் மொத்தத்தையும் அவளுக்கே தருவதாகச் சொன்னார். லேப்டாப்பில் ஒரு கல்யாணத்தை முடிக்கப் பத்து நாள் ஆனது. அப்படியிருந்தால் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். "வைகாசி முடியற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இது ஒழுங்கா ஓடி நாலு காசு வந்துச்சுன்னா முட்டை பொறுக்க ஆள் போட்டுக்கறேன். நடுவுல பழுதாயி நின்னுச்சு, புகாரு வந்துச்சுன்னா, மூட்டை கட்டி வெச்சுட்டுப் பண்ணைக்கு வந்துரோணும். செரியா?" அவள் சரி என்றாள். ஆகவே அந்தக் கம்ப்யூட்டர் அவளுக்கு வெறும் கம்ப்யூட்டர் இல்லை. அது ஓடினால் அவள் மூச்சு விடலாம், நின்றால் முடியாது. இது எனக்குத் தெரியும். எல்லாருக்கும் முன்னால் எனக்குத்தான் தெரியும்.

தை மாதக் கடைசியில் மூன்று பேரும் அவருடைய காரில் சேலம் போனோம். கம்ப்யூட்டர் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், நான் வழக்கமாக வாங்கும் கடைக்குக் கூட்டிப்போனேன். கையில் பட்டியல் இருந்தது. பிராசசர், போர்டு, மெமரி, கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றிலும் அவர் என்னை நம்பினார். கேபினட் மட்டும் கண்ணாடி வைத்து, உள்ளே கலர் லைட் எரிகிறதாக வேண்டும் என்றார். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டுமாம். சரி, தொலையட்டும் என்று அதையும் எடுத்தேன்.

கடைசியாக எஸ்எம்பிஎஸ். சுவரில் வரும் கரண்டைக் கம்ப்யூட்டரின் உறுப்புகளுக்குத் தகுந்தபடி மாற்றிப் பங்கு பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி. பின்பக்கத்தில் ஒரு மூலையில் கிடக்கும். யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் மற்ற அத்தனை சாமானின் உயிரும் அதன் கையில் இருக்கிறது. அது நல்லதாக இருந்தால், தான் சாகும்போது தனியாகச் சாகும். மட்டமானதாக இருந்தால், தன்னோடு ஒட்டிக்கொண்டிருக்கிற எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போகும். எருமப்பட்டித் தோட்டத்துக் கரண்டு வேறு மோசம். மும்முனை மின்சாரம் வந்து சுற்றுவட்டாரத்து மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினால், குழல்விளக்கு கண்ணடிக்கும். அதனால் நல்ல கனமான ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தேன். எங்கள் சாமான்களுக்கு நானூறு வாட் போதும், இது ஐநூற்றைம்பது வாட். ஐந்து வருட வாரண்டி.

மாப்பிள்ளை விலையைப் பார்த்தார். பிறகு அலமாரியின் அடித்தட்டில் கிடந்த ஒன்றை எடுத்தார். வெறும் டிபன் டப்பா போல எடையே இல்லாமல் இருந்தது. ஒயர்கள் நூல் மாதிரி. மேலே பெரிய எழுத்தில் ஐநூறு என்று எழுதியிருந்தது. விலை நான்கில் ஒரு பங்கு.

"இதுக்கு என்ன குறைச்சலுங் மச்சான்?"

"அது வேண்டாமுங் மாப்ளே. எழுதியிருக்கறதுல பாதிகூட இழுக்காது."

அவர் சிரித்தார். "ஏனுங் மச்சான், பத்து டன்னு பாஸிங் இருக்கற வண்டியில நானு பதினஞ்சு டன் ஏத்திச் சத்தீஸ்கர் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிருக்கறேன். எழுதியிருக்கற நம்பரு ஆர்டிஓவுக்குங்க. வண்டி இழுக்கறது வேற. ஐநூறுன்னு எழுதியிருந்தா எழுநூறு இழுக்கும். உங்களுக்கு என்ன வேணும், நானூறுதான?"

லாரிக்காரர்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய விஷயம். அவர்கள் பார்த்த உலகத்தில், தகட்டில் குத்தியிருக்கும் எண் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். உண்மையில் வண்டி அதைவிட அதிகம் தாங்கும். பாதி வாழ்க்கையை அந்த வித்தியாசத்தில்தான் சம்பாதித்தார்கள். மட்டமான எஸ்எம்பிஎஸ் நேர் எதிர். அதில் எழுதியிருப்பது, அது தாங்க ஆசைப்படும் எண். இதை அவருக்குப் பொறுமையாகச் சொன்னேன். பின்பக்கத்து ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் இருக்கும் ஆம்பியர் கணக்கைக் காட்டினேன். கடையில் இன்னும் நான்கைந்து பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கு முகம் சுருங்கியது. நாலு பேர் முன்னால் ஒருவன் தனக்குப் பாடம் எடுப்பதை அவர் விரும்பவில்லை.

"நாலு மடங்கு வெலையுள்ளதைத் தலையில கட்டறதுக்கு இத்தனை பேச்சு பேசறீங்களே," என்று கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார். "எங்க மச்சானுக்கு இதுல எவ்வளவுங்க கமிசன்? அவரும் பாவம், சோத்துக்கு வழி பண்ணோணுமில்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தார். எனக்கு ஒத்தை ரூபாய் கமிஷன் கிடையாது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் சிரித்தார். தங்கை மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணன் சொல்றதையே வாங்கிருங்க," என்று மெதுவாகச் சொன்னாள். "நீ சும்மா இரு, உனக்கென்ன தெரியும்," என்றார் அவர்.

அந்த இடத்தில் நான் கோபப்பட்டிருக்கலாம். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுக்காக இன்னும் ஒருமுறை கெஞ்சியிருக்கலாம். நான் அந்த லேசான டப்பாவைக் கையில் வாங்கி, எடை பார்க்கிற மாதிரி தூக்கிப் பார்த்துவிட்டு, "நீங்க சொல்றதும் செரிதானுங் மாப்ளே. இதே போதும்," என்றேன். மாப்பிள்ளைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தங்கை என்னைப் பார்த்தாள். நான் ஒரு விஷயத்தைச் சரி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவளுக்குச் சந்தேகம் இருக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படி.

கருகட்டும் என்று நினைத்தேன். அதுதான் என் மனதில் இருந்தது. பூசி மெழுக ஒன்றுமில்லை. நாலு பேர் முன்னால் அந்த ஆள் தன் கையால் பொறுக்கியெடுத்தது புகைந்து நாற வேண்டும். அப்போது நான் ஒரு வார்த்தையும் பேசாமல் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மறுநாள் தோட்டத்து வீட்டில் உட்கார்ந்து நானேதான் எல்லாவற்றையும் மாட்டினேன். அந்த டப்பாவை நான்கு திருகு போட்டு இறுக்கி, ஒயர்களை அழகாக மடித்துக் கட்டி வைத்தேன். கலர் லைட் எரிந்ததும் அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்து பார்த்தார்கள். மாப்பிள்ளை புது லாரிக்குச் செய்கிறதைப் போலவே கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் ஒன்றை முன்னால் வைத்து நசுக்கினார். கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

அடுத்த வாரம் தனியாகச் சேலம் போய், அன்று மேஜையில் வைத்த அந்த நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை என் காசில் வாங்கிவந்தேன். தங்கைக்காகத்தான். ஆனால் உடனே கொண்டுபோய் மாட்டவில்லை. உடனே மாட்டினால் அவருக்கு எப்படித் தெரியும்? முதலில் அது எரிய வேண்டும், பிறகு நான் இதை எடுத்துக்கொண்டு போய் இறங்க வேண்டும். பெட்டியைப் பிரிக்காமல் பின்னறை பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

மாசி, பங்குனி, சித்திரை. கம்ப்யூட்டர் ஓடியது. அவள் பத்து நாளில் செய்ததை இரண்டு நாளில் முடித்தாள். ஸ்டூடியோக்காரர் மேலும் மேலும் கொடுத்தார். பண்ணைக்கு ஓர் அம்மாளை வேலைக்கு வைத்தார்கள். தங்கையின் இருமல் பாதியாகக் குறைந்து, பிறகு இல்லாமலே போனது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போனால், தான் முடித்த கல்யாணங்களைப் போட்டுக் காட்டுவாள். எந்த இடத்தில் மேளத்தை ஏற்றியிருக்கிறாள், எந்த இடத்தில் பெண்ணின் அப்பா கண் துடைப்பதைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று சொல்லும்போது அவள் முகம் வேறு மாதிரி இருக்கும். நான் பார்த்துக்கொண்டே மேஜைக்கு அடியில் கையை நீட்டி, கேபினட்டின் பின்பக்கம் எவ்வளவு சுடுகிறது என்று தொட்டுப் பார்ப்பேன்.

சித்திரைக் கடைசியில் ஒரு ஞாயிறு. சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்ணா, இந்த வாரத்துல ரெண்டு தடவ தானாவே அணைஞ்சு போச்சு. பெரிய வீடியோ ஓடறப்ப மட்டும். ஒரு மாதிரி பிளாஸ்டிக் வாசமும் அடிச்சுது. எதாச்சும் பார்க்கோணுமாங்ணா?"

பக்கத்தில் மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் வாயில் சோறு இருந்தது. அதை மென்று விழுங்கும் நேரத்துக்குள் எனக்கு எல்லாம் ஓடிவிட்டது. இன்னும் ஒரு மாதம் தாங்காது. பீரோவில் பெட்டி இருக்கிறது. எழுந்து பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் மாட்டிவிடலாம்.

"வெய்யிலுதான் அம்மிணி. பக்கத்துல ஒரு ஃபேன் போட்டுக்க," என்றேன்.

"வைகாசியில ரெண்டு பெரிய கல்யாணம் வருதுங்ணா. வெளி டிஸ்க்குல ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கறேன். அந்த டிஸ்க்கைச் சொருகியேவும் வெச்சிருக்கலாமில்ல? வேலை பண்ணப் பண்ணத் தானா காப்பி ஆகறாப்பல போட்டு வெச்சிருக்கறேன்."

"வெச்சிருக்கலாம்," என்றேன். மோர் ஊற்றினாள்.

வைகாசி பாதியை நெருங்கியிருந்தது. பகல் பதினொன்றரைக்கு போன் வந்தது. "அண்ணா, டப்புன்னு ஒரு சத்தம். பொக வருது. ஆன் ஆகவே மாட்டீங்குது." எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த முதல் நிமிடத்தில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பீரோவைத் திறந்து பெட்டியை எடுத்தேன். சட்டையைக்கூட மாற்றிக்கொண்டேன். பஸ்ஸில் நாமக்கல் போய், அங்கிருந்து எருமப்பட்டி பஸ் மாறி, வழி நெடுக அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

வீட்டில் மாப்பிள்ளையும் இருந்தார், ஸ்டூடியோக்காரரும் வந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்குள் லைட் எதுவும் இல்லை. கழற்றிப் பார்த்தேன். டப்பாவின் உள்ளே பாதி கருகிப்போயிருந்தது. அது தனியாகப் போகவில்லை. போர்டு போய்விட்டது. ஹார்டு டிஸ்க் போய்விட்டது. அவள் ஜாக்கிரதையாக எடுத்து, நான் சொன்னபடி சொருகியே வைத்திருந்த வெளி டிஸ்க்கும் போய்விட்டது. இரண்டு கல்யாணமும் அவற்றில்தான் இருந்தன. கேமரா கார்டுகளை ஸ்டூடியோக்காரர் அழித்து அடுத்த முகூர்த்தத்துக்குக் கொண்டுபோயிருந்தார். பிற்பாடு டிஸ்க்குகளைக் கோயம்புத்தூரில் அழிந்ததை மீட்டுத் தருகிறவர்களுக்கு அனுப்பிப் பார்த்தேன். அவர்களும் கையை விரித்துவிட்டார்கள்.

ஸ்டூடியோக்காரர் எழுந்தார். "அந்த ரெண்டு ஊட்டுக்காரங்களுக்கும் நான் என்னன்னு பதில் சொல்றதும்மா?" என்று மட்டும் கேட்டார். இனிமேல் அவர் வேலை தர மாட்டார் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். மூன்றரை மாதம் அதற்காகத்தானே காத்திருந்தேன். அவர் கொஞ்சம்கூடத் தலைகுனியவில்லை.

"நான் வாங்கிக் குடுத்ததுல என்னங்க கோளாறு? சேலத்துல உங்க ஆளு கடையிலதான் வாங்குனோம். செரின்னும் நீங்கதான் சொன்னீங்க. மாட்டுனது செரியில்ல, அவ்வளவுதான். எஞ்சினு நல்லா இருந்து என்ன பண்றது, மெக்கானிக்கு செரியில்லாட்டி?"

"எங்கண்ணன் மாட்டுனா தப்பா இருக்காது." தங்கைதான் சொன்னாள். ஒரு நாளும் அவரிடம் குரலை உயர்த்தாதவள், ஸ்டூடியோக்காரர் முன்னால், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "எங்கண்ணனைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. அன்னிக்கே வேண்டாம்னு சொன்னாரு. நீங்கதான் கேக்கல. இப்ப பாருங்க, சொன்னவொடனே கையோட புதுசு வாங்கிட்டு வந்திருக்கறாரு." என் பக்கம் திரும்பினாள். "பில்லக் குடுங்ணா. அந்தக் காசை நானு இவருகிட்ட வாங்கித் தராம உட மாட்டேன்."

பில் பெட்டிக்குள் இருந்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன். நான் தடுப்பதற்குள் அவள் பெட்டியைப் பிரித்து, மேலாக இருந்த காகிதத்தை எடுத்தாள். தொகையைத்தான் முதலில் பார்த்திருப்பாள். பிறகு மேலே பார்த்தாள். பிப்ரவரி மாதத் தேதி. அப்போது மே மாதம். எடிட்டிங் செய்கிறவள், எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று வரிசைப்படுத்துவதுதான் அவள் வேலை. ரொம்ப நேரம் ஆகவில்லை.

மாப்பிள்ளை ஸ்டூடியோக்காரரை வழியனுப்ப வாசலுக்குப் போனார். அவள் பில்லை இரண்டாக மடித்துப் பெட்டிக்குள் வைத்து, மூடியைப் பழையபடி அழுத்தி, என்னிடம் கொடுத்தாள்.

"அவரு தெரியாம வாங்குனாருங்ணா," என்றாள்.

வீட்டுக்காரரிடம் இதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மறுநாள் காலையில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பண்ணைக்குள் போனாள். வேலைக்கு வைத்திருந்த அம்மாளை நிறுத்திவிட்டார்கள்.

போன மாதம் மாப்பிள்ளையே என்னைக் கூப்பிட்டார். பண்ணையில் முட்டை திருடு போகிறதாம், நான்கு கேமரா மாட்ட வேண்டுமாம். என்ன காரணமோ, இப்போதெல்லாம் என்னிடம் மெதுவாகத்தான் பேசுகிறார். கேமராக்களுக்குக் கரண்டு கொடுக்கவும் ஓர் எஸ்எம்பிஎஸ் வேண்டும். அதில் எதை வாங்கலாம் என்று கேட்டார். நல்லதைச் சொன்னேன். விலையைச் சொன்னேன். "நீங்க சொன்னா செரிங்க மச்சான்," என்று மறுபேச்சில்லாமல் வாங்கிவந்தார். நாள் முழுக்க இருந்து ஒரு குறையும் இல்லாமல் மாட்டிக்கொடுத்தேன். பத்து வருடத்துக்கு ஒன்றும் ஆகாது.

சாயங்காலம் டிவியில் இணைத்துப் போட்டுக் காட்டினேன். மூன்றாவது கேமராவில் தங்கை வந்தாள். மூக்கில் துண்டு, இடுப்பில் முட்டை அட்டை. கூண்டுக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. கேமராவில் சத்தம் வராது.

"படம் நல்லாத் தெளிவா இருக்குதுங் மச்சான்," என்றார் மாப்பிள்ளை.

ஆமாங்க என்றேன்.